சுகர் ஸ்ட்ரிப்பில் பூசியிருப்பது என்ன? ஊட்டியிலிருந்து பார்த்தால்

ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் சுகர் மெஷின் மலிவாகக் கிடைக்கும். ஸ்ட்ரிப் டப்பா வாங்கினால் மெஷினைச் சும்மாவே தருகிற சலுகைகூட அவ்வப்போது வரும். ஸ்ட்ரிப் மட்டும் சும்மா வராது. இது வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தொழில்நுட்பம். மெஷினுக்குள் இருப்பது மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை அளந்து எண்ணாகக் காட்டும் சுற்று. மின்னணுவியல் படித்த யாரும் அதைக் கட்டிவிடுவார்கள். ரத்தத்தில் மிதக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களிலிருந்து குளுக்கோஸை மட்டும் பொறுக்கி, அதை மின்னோட்டமாக மாற்றித் தருகிற வேலை முழுவதும் ஸ்ட்ரிப்பின் நுனியில், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஓர் இடத்தில் நடக்கிறது. அங்கே என்ன பூசியிருக்கிறார்கள், எந்த இடத்தில் பூசியிருக்கிறார்கள், எந்த இடத்தைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள் என்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

மருத்துவ பயோசென்சர் என்று சொல்லப்படும் எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தும். கர்ப்பப் பரிசோதனைக் குச்சி, கொரோனா கிட், கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை அளவி, மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் சில்லு என்று எதை எடுத்தாலும் உயிர்ப்பொருளும் கருவியும் சந்திக்கிற அந்த மேற்பரப்பில்தான் வெற்றியும் தோல்வியும். இதை நீலகிரியில் உட்கார்ந்து எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பூச்சுத் தொழில் இந்த மலையில் ஒரு காலத்தில் பெரிய அளவில் நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஸ்ட்ரிப்.

ஒரு ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் பாலியஸ்டர் தகடு தெரியும். அதன்மேல் கரி மையில் அச்சடித்த கோடுகள். விலை கூடிய வகைகளில் தங்கமோ பல்லேடியமோ மெல்லிய படலமாகப் படியவைக்கப்பட்டு லேசரால் செதுக்கப்பட்டிருக்கும். இவைதான் மின்முனைகள். அவற்றுக்கு மேலே ஒரு குறுகிய வாய்க்கால். வாய்க்காலின் கூரைக்கு நீரை ஈர்க்கும் பூச்சு கொடுத்திருப்பதால்தான் விரல் நுனியை வைத்ததும் ரத்தம் தானாக உள்ளே ஓடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர், அதற்கும் குறைவான ரத்தமே இப்போது போதும். மின்முனையின் மேல் என்சைமும் (வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்) எலக்ட்ரானைக் கடத்தும் ஓர் இடைப்பொருளும் கலந்த பூச்சு காய்ந்து கிடக்கும். ரத்தம் பட்டதும் அது கரைந்து வேலையைத் தொடங்கும்.

இந்தப் பூச்சு சற்றுத் தடிமனாகிவிட்டாலோ பக்கத்து மின்முனைமேல் வழிந்துவிட்டாலோ காட்டும் எண் மாறிவிடும். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு மெஷின் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு குறியீட்டு எண் இருக்கும், அல்லது ஒரு சின்னச் சில்லு இருக்கும், அதை மெஷினில் செருக வேண்டும். ஒரு தொகுப்பில் பூசிய பூச்சும் அடுத்த தொகுப்பில் பூசிய பூச்சும் ஒன்றுபோல வரவில்லை என்பதைத்தான் அந்தக் குறியீட்டு எண் ஒப்புக்கொண்டது. இன்று குறியீட்டு எண் தேவையில்லை என்று விளம்பரம் செய்கிறார்கள் என்றால் பூச்சுக் கலை அவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பொருள். அப்படியும், வீட்டில் பயன்படுத்தும் அளவிகளுக்கான 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலை கேட்பது இவ்வளவுதான்: சர்க்கரை 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், நூற்றில் 95 அளவீடுகள் உண்மை மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே காலையில் 142, ஐந்து நிமிடம் கழித்து 151 என்று காட்டினால் மெஷினைத் திட்ட வேண்டாம்.

உயரம் என்ன செய்கிறது

பழைய வகை ஸ்ட்ரிப்புகளிலும் இன்றைய பல ஸ்ட்ரிப்புகளிலும் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம். 1962இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் முதல் என்சைம் மின்முனையை விவரித்தபோது எடுத்துக்கொண்டதும் இதைத்தான். இது குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும். பிடுங்கியதை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும், இயல்பாக அது ஒப்படைப்பது ஆக்சிஜனிடம். கிளார்க்கின் கருவி ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அதிலிருந்து குளுக்கோஸைக் கணக்கிட்டது. 1980களில் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தை நடுவில் நிறுத்தினார்கள். என்சைம் எலக்ட்ரானை ஃபெரோசீனிடம் கொடுக்கும், அது மின்முனையிடம் கொடுக்கும். 1987இல் எக்ஸாக்டெக் என்ற பெயரில் பேனா வடிவ அளவி கடைக்கு வந்தது இந்த வேதியியலால்தான். இன்றைய ஸ்ட்ரிப்புகள் அதன் வாரிசுகள்.

ஆனால் இடைப்பொருளை நிறுத்திவிட்டதால் ஆக்சிஜன் ஒதுங்கிக்கொள்ளாது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் எலக்ட்ரான்களைத் தட்டிப் பறித்துக்கொண்டே இருக்கும். கடல் மட்டத்தில் இந்தக் களவு எவ்வளவு என்று தெரியும், அதைக் கணக்கில் சேர்த்து அளவியை அமைத்துவிடுவார்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் சுமார் 76 விழுக்காடுதான், ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. களவு குறைந்தால் மின்முனைக்குப் போய்ச் சேரும் எலக்ட்ரான் கூடும், அளவி சற்றுக் கூடுதலாகக் காட்டப் பார்க்கும். மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டியில் இறங்குகிற ஒருவருடைய சர்க்கரை மாறாமலே இருந்தாலும் கோட்பாட்டளவில் எண் மாறலாம்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. பல அளவிகளின் கையேட்டில் 3,000 மீட்டரை ஒட்டி ஓர் எல்லை போட்டிருப்பார்கள், நாம் அதற்குக் கீழேதான் வசிக்கிறோம். குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற மாற்று என்சைம் பூசிய ஸ்ட்ரிப்புகளுக்கு ஆக்சிஜன் ஒரு பொருட்டே இல்லை. எந்த என்சைம் என்பது டப்பாவுக்குள் இருக்கும் தாளில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். மலையில் இருப்பவர்கள் அந்தத் தாளைத் தூக்கி எறியும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லது.

உயரத்தைவிடக் குளிரும் ஈரமும்தான் இங்கே அதிகம் படுத்துகின்றன. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில் பல அளவிகள் வெப்பநிலை குறைவு என்று சொல்லிவிட்டு வேலை செய்ய மறுக்கும். பெரும்பாலானவற்றுக்கு 10 டிகிரியாவது வேண்டும். என்சைமின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. மெஷின் தன் வெப்பநிலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். ஜூன், ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் நிலைமை வேறு. வாரக்கணக்கில் துணி காயாது. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்துபோட்டால் காய்ந்து கிடக்க வேண்டிய பூச்சு காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். என்சைமும் இடைப்பொருளும் ரத்தம் வருவதற்கு முன்பே ஒன்றோடொன்று உறவாடத் தொடங்கிவிடும். டப்பாவின் உட்சுவரில் ஈரம் உறிஞ்சும் பொருளைச் சேர்த்தே வார்த்திருப்பது இதனால்தான். அழகாக இருக்கிறதென்று ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

கூட்டத்தில் ஒருவரைப் பிடிப்பது

குளுக்கோஸ் எளிதான இலக்கு. ரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது, அதற்கென்றே ஒரு என்சைமும் இயற்கையில் கிடைக்கிறது. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு தலைசுற்ற வைக்கும். உயர் உணர்திறன் பரிசோதனைகளில் ட்ரோபோனின்-டி ஒரு லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினால் மருத்துவர் கவனிக்கத் தொடங்குவார். அதே ஒரு லிட்டர் ரத்த நீர்மத்தில் ஆல்புமின் என்ற புரதம் சுமார் 40 கிராம் இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் ஆல்புமின் கிட்டத்தட்ட 300 கோடி மடங்கு அதிகம்.

இந்தக் கூட்டத்தில் தேடும் ஆளைக் கண்டுபிடிக்க எதிர்ப்பொருள் உதவும். அது ட்ரோபோனினை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். ஆனால் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கண்ணாடி, தங்கம், பிளாஸ்டிக் எதுவானாலும் ரத்தம் பட்ட சில வினாடிகளில் புரதங்கள் அதன்மேல் படியத் தொடங்கிவிடும். 300 கோடியில் ஒரு சிறு பங்கு தவறான இடத்தில் ஒட்டினாலே உண்மையான சைகை அதில் மூழ்கிவிடும். சென்சரின் உணர்திறனைக் கூட்டினால் இது தீராது, குப்பையின் சத்தமும் சேர்ந்தே கூடும்.

ஆகவே ஒட்டாத பூச்சு தேவைப்படுகிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரின் குட்டைச் சங்கிலிகளை மேற்பரப்பில் நெருக்கமாக நட்டுவைத்தால் புரதங்கள் ஒட்டுவது வெகுவாகக் குறையும் என்று 1991இல் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு காட்டியது. அந்தச் சங்கிலிகள் தண்ணீரை இறுகப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. புரதம் ஒட்ட வேண்டுமானால் முதலில் அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். ஒரே மூலக்கூறில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் கொண்ட ஸ்விட்டர்அயன் பூச்சுகள் தண்ணீரை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். சமீப ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது இவற்றைத்தான்.

இங்கே ஒரு சிக்கல். எதுவும் ஒட்டாத பரப்பில் நமக்கு வேண்டிய எதிர்ப்பொருளும் ஒட்டாது. வழி ஒன்றுதான். சில இடங்களில் மட்டும் பிடிக்கும் பூச்சு, மற்ற இடமெல்லாம் ஒட்டவிடாத பூச்சு என்று பரப்பைப் பிரிக்க வேண்டும். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போடுகிறவர்கள் பாத்தியையும் வரப்பையும் பிரிப்பது போலத்தான்: விளைய வேண்டியது பாத்தியில் விளையட்டும், வரப்பில் ஒன்றும் முளைக்கக் கூடாது. பயோசென்சர் ஆய்வில் வடிவமிட்ட பூச்சு என்று சொல்வதன் சாரம் இதுவே.

இப்படிப் பிரித்துவிட்டால் வேறு வசதிகளும் கிடைக்கின்றன. ஒரே சில்லில் ஒரு புள்ளியில் ட்ரோபோனினுக்கும் அடுத்ததில் வேறொரு புரதத்துக்கும் எதிர்ப்பொருள் வைக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒப்பீட்டுப் புள்ளி. சம்பந்தமே இல்லாத ஓர் எதிர்ப்பொருளைப் பக்கத்தில் ஒரு புள்ளியாக வைத்துவிட்டால் அதன்மேல் படிவது முழுக்கக் குப்பைதான். அதே ரத்தம், அதே வெப்பநிலை, அதே நேரம். முதல் புள்ளியின் அளவிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது உண்மை. பல லட்சம் ரூபாய்க் கருவி செய்கிற திருத்தத்தை ஒரு புள்ளி இடத்தில் செய்துவிடுகிற புத்திசாலித்தனம் இது.

ஊட்டியிலிருந்து பார்த்தால் இதற்கு ஒரு நேரடி அவசரமும் உண்டு. மஞ்சூர், கிண்ணக்கொரை பக்கம் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் வளைவுச் சாலையில் ஊட்டிக்கு வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், அங்கிருந்து கோவைக்கு இறக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அந்த முடிவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, விரல் நுனி ரத்தத்தை வைத்து எடுக்க முடிந்தால் எவ்வளவு நேரம் மிஞ்சும்! அதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் மேலே சொன்ன குப்பைதான்.

புள்ளி வைப்பது எப்படி

தங்கத்தின்மேல் கந்தகம் உள்ள நீள மூலக்கூறுகளை ஊற்றினால் அவை தாமாகவே கால் ஊன்றி வரிசையாக நிற்கும் என்று 1983இல் பெல் ஆய்வகத்தில் நஸ்ஸோவும் அல்லாராவும் காட்டினார்கள். இரண்டு நானோமீட்டர் தடிமனில், ஓட்டை குறைந்த ஒற்றை அடுக்கு. மூலக்கூறின் மறுமுனையில் எதை வைக்கிறோமோ அதுவே புதிய மேற்பரப்பு. பத்து வருடம் கழித்து வைட்சைட்ஸ் குழு ரப்பர் முத்திரை ஒன்றில் இந்த மூலக்கூறை மையாகத் தடவித் தங்கத்தில் குத்தியது. முத்திரை பட்ட இடத்தில் ஒரு பூச்சு. படாத இடத்தை அப்புறம் வேறு பூச்சால் நிரப்பிக்கொள்ளலாம். சுத்த அறை இல்லாத கல்லூரி ஆய்வகத்திலும் செய்ய முடிகிற வேலை என்பதால் உலகம் முழுக்கப் பரவியது.

இன்னொரு வழி ஒளிச்செதுக்கு. ஒளி பட்டால் இறுகும், அல்லது கரையும் ஒரு படலத்தைப் பூசி, மறைப்பு வழியாக ஒளி பாய்ச்சிக் கழுவுவது. கணினிச் சில்லு செய்யும் முறை இதுதான். அப்புறம் சொட்டு அச்சு: இங்க்ஜெட் போல நானோலிட்டர் சொட்டுகளாக எதிர்ப்பொருளை நேரடியாக வைத்துவிடுவது. தொழிற்சாலைகளுக்குப் பிடித்தது இதுதான், வீணாவது குறைவு.

சொட்டு வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் கரும்பழுப்பு வளையம் நிற்கும். 1997இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதற்கான காரணத்தை விளக்கினார்கள். சொட்டின் ஓரம் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, ஓரத்தில் ஆவியாதல் அதிகம், அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் வெளிநோக்கி ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. எதிர்ப்பொருள் சொட்டும் இப்படியே காயும். புள்ளியின் ஓரத்தில் குவியல், நடுவில் பஞ்சம் என்றால் அளவீடு கோணலாகும். கிளிசரால் அல்லது ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்ப்பது, அறையின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திச் சொட்டை மெல்லக் காயவைப்பது, சுற்றிலும் நீரை வெறுக்கும் பூச்சு கொடுத்துச் சொட்டைப் பரவவிடாமல் நிறுத்துவது எல்லாம் இதற்கான வைத்தியங்கள். ட்ரெஹலோஸ் கூடுதலாக ஒரு வேலை செய்கிறது: காயும்போது தண்ணீர் இருந்த இடத்தில் தான் நின்றுகொண்டு புரதத்தின் வடிவம் குலையாமல் காக்கிறது.

இதிலும் உயரம் நுழைகிறது. அழுத்தம் குறைந்தால் நீராவி காற்றில் எளிதாகப் பரவும். ஒரே வெப்பநிலை, ஒரே ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டாலும் காற்றசைவில்லாத அறையில் ஒரு சொட்டு சென்னையைவிட ஊட்டியில் சுமார் 30 விழுக்காடு வேகமாகக் காயும். சென்னையில் சரியாக வந்த செய்முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வளையம் விழ வாய்ப்பு அதிகம்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிற எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒவ்வொரு மாதமும் புதிய வடிவமிட்ட பூச்சு, நம்பமுடியாத உணர்திறன் என்று செய்தி வருகிறதே, கடையில் ஏன் ஒன்றையும் காணோம்? என் கணிப்பில் முதல் காரணம் ஆயுள். தங்கமும் கந்தகமும் சேர்ந்த அந்த அழகான அடுக்கு காற்றில் கிடந்தால் வாரங்களில், மாதங்களில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிய்ந்துவரும். பாலிஎத்திலீன் கிளைக்காலும் மெல்லச் சிதையும். ஆய்வகத்தில் செவ்வாய்க்கிழமை செய்து புதன்கிழமை அளப்பவருக்கு இது பிரச்சினையில்லை. மருந்துக்கடை அலமாரிக்கு ஒன்றரை, இரண்டு வருடம் வேண்டும். இரண்டாவது காரணம், உப்புக் கரைசலில் அளந்துவிட்டு ரத்தத்திலும் அப்படியே வரும் என்று நம்புவது. மின்புலத்தால் உணரும் டிரான்சிஸ்டர் வகைச் சென்சர்களில் இது கொடுமை: ரத்தத்தில் உள்ள உப்பு அயனிகள் மின்சுமையை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே மறைத்துவிடும், எதிர்ப்பொருளின் உயரமோ பத்து நானோமீட்டருக்கு மேல். அதன் உச்சியில் வந்து உட்காரும் புரதத்தின் மின்சுமை கீழே இருக்கும் சென்சருக்குத் தெரியவே தெரியாது. இதைச் சொல்லாமல் நீர்த்த கரைசலில் கிடைத்த எண்ணைத் தலைப்பில் போடுகிற கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கூடலூரில் ஒரு கோடு

1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் பண்பு (ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல வளையவைக்கும் பரம்பரை நோயின் மரபணு) இருப்பதைக் கண்டறிந்து எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய மிக முதன்மையான பதிவுகளில் அது ஒன்று. இன்றும் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் பணியர், இருளர், முள்ளுக்குறும்பர் குடும்பங்களில் இது உண்மையான சுமை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரியில் உள்ள பழங்குடியினர் நலச் சங்கமும் நீண்ட காலமாக இதில் உழைத்துவருகின்றன. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 2047ஐ இலக்காக வைத்து, 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாக அறிவித்தது. அத்தனை பேரையும் ஆய்வகத்துக்கு வரவழைக்க முடியாது. குடியிருப்புக்கே எடுத்துப்போகும் கிட் வேண்டும்.

அப்படிப்பட்ட கிட்டுகளில் ஒரு வகை கொரோனா கிட் போலவே இருக்கும். உள்ளே நைட்ரோசெல்லுலோஸ் தாள், அதில் கண்ணுக்குத் தெரியாமல் பூசிய கோடுகள். சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம். சாதாரண ஹீமோகுளோபினுக்கு ஒரு கோடு, அரிவாள் ஹீமோகுளோபினுக்கு ஒரு கோடு. இரண்டும் சிவந்தால் மரபணுவைச் சுமப்பவர். அரிவாள் கோடு மட்டும் என்றால் நோயாளி. வடிவமிட்ட பூச்சில் மிக எளியது இந்தக் கோடுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டு ஹீமோகுளோபினுக்கும் உள்ள வித்தியாசம் பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவதாக வரும் ஒன்றே ஒன்று. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். எதிர்ப்பொருள் அந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ட்ரோபோனினில் இருந்த சிக்கல் இங்கே தலைகீழாகிறது. தேடும் பொருள் அரிது என்ற பேச்சே இல்லை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும், வெள்ளமாக வரும். நன்றாக நீர்க்கச் செய்யாமல் விட்டால் கோட்டிலுள்ள எதிர்ப்பொருளும் நிறம் காட்டும் துகளும் தனித்தனியே நிரம்பிவிட்டு, கோடு மங்கிப்போகும். சாதாரணக் கோட்டில் அரிவாள் ஹீமோகுளோபின் துளி ஒட்டினாலும் நோயாளியைச் சுமப்பவர் என்று தவறாகச் சொல்லிவிடும். கோட்டுக்கு வெளியே உள்ள தாளைக் கேசின் போன்ற புரதங்களால் முன்கூட்டியே நிரப்பிவைப்பது இந்தப் பயத்தினால்தான். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிக்குக் கொடையாளியின் ஹீமோகுளோபின் சாதாரணக் கோட்டைச் சிவக்கவைத்துவிடும். அதை எந்தப் பூச்சும் திருத்தாது, செவிலியர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

தாளின் ஈரம் ஒரு தனிக் கதை. நைட்ரோசெல்லுலோஸ் மிகக் காய்ந்தால் நொறுங்கும், நீரை உறிஞ்ச மறுக்கும். கோடு போடும்போது அறையில் ஓரளவு ஈரம் வேண்டும். காயவைத்து உறையில் அடைக்கும்போது அறை வறண்டிருக்க வேண்டும். மழைக்காலக் கூடலூரில் உறையைப் பிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனால் அதற்குள் தாள் நனையத் தொடங்கும். குடியிருப்புகளுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு உறையாகப் பிரிப்பது இந்தக் காரணத்துக்காக.

இந்து நகர்

இப்போது அந்தப் பூச்சுத் தொழிலுக்கு வருகிறேன். ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒருகாலத்தில் அரசு மருத்துவமனைகளில் எடுத்த எக்ஸ்ரே ஃபிலிம்களில் இந்து என்ற பெயரைப் பார்த்தவர்கள் ஏராளம். அந்த ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். அதை ஒரு ஃபிலிம் கம்பெனி என்று நினைவுகூர்கிறோம். உண்மையில் அங்கே நடந்தது என்ன? தகட்டின்மேல், இருட்டறையில், வெள்ளி உப்புப் படிகங்கள் கலந்த ஜெலட்டினை மைக்ரான் கணக்கில் சீராகப் பூசி, குளிரவைத்து இறுக்கி, தூசு படாமல் உலர்த்துவது. எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும். அடிப்படையில் அது துல்லியப் பூச்சுத் தொழிற்சாலை.

வெளியில் இதே தொழிலைச் செய்தவர்கள் அந்தத் திறமையை எங்கே கொண்டுபோனார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். 1950களில் கோடக்கின் லூயி மின்ஸ்க் ஒளியில் இறுகும் பாலிமர் ஒன்றை உருவாக்கினார். மின்சுற்றுப் பலகைகளுக்கும் பின்னர் சில்லுகளுக்கும் அந்த வகைப் படலங்களே வழிகாட்டின. மேலே சொன்ன ஒளிச்செதுக்கின் வேர் ஒன்று ஃபிலிம் கம்பெனியில்தான் இருக்கிறது. 1970களின் இறுதியில் அதே கோடக், எக்டாகெம் என்ற பெயரில் ரத்தப் பரிசோதனை வில்லைகளைக் கொண்டுவந்தது. பாலியஸ்டர் அடித்தகடு, அதன்மேல் என்சைமும் சாயமும் கலந்த ஜெலட்டின் அடுக்கு, அதற்கு மேல் ரத்த நீர்மத்தைச் சமமாகப் பரப்பும் நுண்துளை அடுக்கு. பத்து மைக்ரோலிட்டர் சொட்டு வைத்தால் அடியில் நிறம் மாறும், அதைக் கருவி படிக்கும். கலர் ஃபிலிம் பூசுகிற அதே அறிவு, வெள்ளிக்குப் பதில் என்சைம், அவ்வளவுதான். 1994இல் கோடக் அந்தப் பிரிவை ஜான்சன் அண்ட் ஜான்சனுக்கு விற்றது. ஜப்பானின் ஃபூஜி ட்ரைகெம் என்று தன் வில்லைகளைச் செய்தது, இன்றும் செய்கிறது. ஃபிலிம் செத்தும் ஃபூஜி சாகாததற்குப் பூச்சு அறிவை மருந்துக்கும் திரைகளுக்கும் திருப்பியது ஒரு முக்கியக் காரணம்.

இந்து நகர் எக்ஸ்ரேயிலேயே நின்றது. 1990களில் நலிவுற்ற நிறுவனமானது. டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தபின் ஃபிலிமுக்கு வேலையில்லை, 2014இல் மூடும் முடிவு வந்தது. நிர்வாகம், கொள்கை, கடன் என்று காரணங்களை அடுக்கலாம். கைக்கு வந்த பூச்சு வித்தையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியை அங்கே யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

அந்தத் தொழிலைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. மலையில் வேதித்தொழில் என்றால் கொடைக்கானலை மறக்க முடியாது: மருத்துவத் தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை பாதரசக் கழிவால் 2001இல் மூடப்பட்டது, பழனி மலைச் சோலையில் விட்ட கறை இன்னும் பேசப்படுகிறது. பூச்சுத் தொழிலிலும் கரைப்பான்கள், வெள்ளி, எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் எல்லாம் உண்டு. செய்ய முடிகிறது வேறு ஒன்று, சோதனை.

ஒரு பூச்சு இரண்டு வருடம் தாங்குமா என்று பார்க்க நிறுவனங்கள் வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய பெட்டிகளில் அதை அடைத்துவைக்கின்றன. அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் கடல் மட்டத்து அழுத்தத்தில் இருக்கின்றன. திறந்து மூடும் கைகளும், மழையில் நனைந்த பையும், மின்வெட்டும் அவற்றில் இல்லை. நீலகிரியில் மசினகுடி 1,000 மீட்டரை ஒட்டி, மழைநிழலில் வறண்டு கிடக்கிறது. கிட்டத்தட்ட அதே உயரத்தில் கூடலூர், தென்மேற்குப் பருவத்தில் ஊறிக் கிடக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில் குளிரில் இருக்கிறது. மூன்றும் ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய தூரம். ஊட்டியில் மருந்தியல் கல்லூரியும் 2022இல் தொடங்கிவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டியர் நிறுவனமும் இருக்கின்றன. ஒரே தொகுப்பில் வந்த கிட்டுகளை மூன்று ஊர்ச் சுகாதார நிலைய அலமாரிகளிலும் வைத்து, மாதம் ஒருமுறை பத்துப் பத்தாக எடுத்து, தெரிந்த அளவுள்ள மாதிரி ரத்தத்தால் சோதித்துப் பதிவுசெய்ய ஒரு குளிர்பெட்டி, ஒரு நோட்டு, இரண்டு பயிற்சி பெற்ற ஆட்கள் போதும். எந்தப் பூச்சு ஆகஸ்டில் கூடலூரில் முதலில் கைவிடுகிறது என்பது ஒரே வருடத்தில் தெரிந்துவிடும், அரிவாள் செல் கிட்டுக்கு டெண்டர் விடுகிறவர்களுக்கு உடனே தேவைப்படும் தகவலும் அதுதான்.